தட்டைப்பயறு வேரிலிருந்து இலைக்கு என்ன போகிறது? சோதித்துப் பார்க்கும் முறை

பயறுச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். பிடித்ததை இலைக்கு எந்த வடிவில் அனுப்புகின்றன என்று பாடத்தில் வருவது அபூர்வம். தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, சோயா எல்லாம் யூரைடு என்ற நைட்ரஜன் செறிந்த சேர்மமாக மாற்றி அனுப்புகின்றன. அதைக் கண்ணாலேயே பார்க்கலாம், நாற்பது நாள் பொறுமை இருந்தால்.

படி 1: இரண்டு தொட்டி

கழுவிய மணலை இரண்டு தொட்டிகளில் நிரப்பி, முன்பு பயறு விளைந்த வயலின் மண்ணை ஒரு கைப்பிடி கலந்து, தட்டைப்பயறு ஊன்றுங்கள். வேர்முடிச்சுக்கான பாக்டீரியா அந்த வயல் மண்ணிலிருந்து வரும். இரண்டுக்கும் நைட்ரஜன் இல்லாத சத்துக் கரைசல் ஊற்றுங்கள். இரண்டாவது தொட்டிக்கு மட்டும் அதில் பொட்டாசியம் நைட்ரேட் சேர்க்கவும். இந்த ஒப்பீடு இல்லாமல் சோதனை செய்வதில் பயனில்லை.

படி 2: முடிச்சை வெட்டிப் பாருங்கள்

பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சைப் பிளேடால் இரண்டாக வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் இருக்கிறது, முடிச்சு வேலை செய்கிறது. பச்சையாக இருந்தால் முதிர்ந்து ஓய்ந்துவிட்டது. ஆனால் மேலே எவ்வளவு போகிறது என்பதை நிறம் சொல்லாது. அதற்குச் சாறு வேண்டும்.

அதற்குமுன், முடிச்சுக்குள் நடப்பது

பாக்டீரியா தரும் அம்மோனியாவைச் செடி குளுட்டமின் என்ற அமினோ அமிலமாக்கி, அதிலிருந்து பியூரின் என்ற நைட்ரஜன் நிறைந்த சேர்மத்தைச் செய்கிறது. பியூரின் உடைந்து யூரிக் அமிலமாகிறது. நம் உடலில் பியூரின் அத்தோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் யூரிக் அமிலம் கூடினால் மூட்டில் தேங்கி வலிக்கிறது. செடியிடமோ அடுத்த நொதியும் உண்டு. பாக்டீரியா புகாத பக்கத்துச் செல்களில் யூரிக் அமிலம் அலன்டாயினாகவும், கொஞ்சம் அலன்டாயிக் அமிலமாகவும் மாறி, தண்ணீரை மேலே ஏற்றும் சைலக் குழாய்களில் ஏறுகிறது. யூரைடு என்றது இவ்விரண்டையும்தான்.

ஏன் இத்தனை சுற்று? வேறு சில பயறுகள் அனுப்பும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் 4 கார்பனுக்கு 2 நைட்ரஜன்தான். அலன்டாயினில் 4 கார்பனுக்கு 4 நைட்ரஜன். இலை பாடுபட்டுச் சேர்த்த கார்பனைப் பாதி மட்டும் செலவழித்து அதே நைட்ரஜனை அனுப்பிவிடலாம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த கணக்கு இது.

படி 3: சாறு எடுத்தல்

அவசரப்பட்டால் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். வாடிய செடியில் சாறு ஊறாது. காலையில் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே கூரான பிளேடால் வெட்டி, மீந்த கட்டையில் சிறு ரப்பர் குழாயை இறுக்கமாகச் செருகுங்கள். முதலில் வரும் துளியைத் துடைத்துவிடுங்கள், வெட்டுப்பட்ட செல்களின் சாறு அதில் கலந்திருக்கும். பிறகு ஊறுவதை 20 நிமிடம் வரை பிப்பெட்டால் உறிஞ்சி, பனிக்கட்டியில் வைத்த குப்பியில் சேருங்கள்.

படி 4: நிறம் பார்த்தல்

இதை வீட்டில் வேண்டாம். ஃபீனைல்ஹைட்ரசின் நச்சு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வருகிறது. கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், ஃபியூம் ஹுட்டுக்குள் (நச்சுப் புகையை வெளியே இழுத்துவிடும் பெட்டி) செய்யுங்கள்.

சாற்றைச் சோடியம் ஹைட்ராக்சைடுடன் கொதிநீரில் சுமார் 8 நிமிடம் வைத்தால் அலன்டாயின் அலன்டாயிக் அமிலமாகும். அப்புறம் நீர்த்த அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் அது உடைந்து கிளைஆக்சிலேட் வரும். ஃபீனைல்ஹைட்ரசின் சேர்த்துப் பனிக்கட்டியில் குளிரவைத்து, குளிர்ந்த அடர் அமிலமும் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் விட்டால் சிவப்பு ஏறும். நிறம் மங்கிவிடும், ஆகவே தாமதிக்காமல் 525 நானோமீட்டரில் அளந்து, தெரிந்த அளவு அலன்டாயின் கரைசல்களோடு ஒப்பிடுங்கள்.

முதல் தொட்டிச் சாறு நன்றாகச் சிவக்கும். நைட்ரேட் குடித்த செடியில் முடிச்சு குறைவு. அதன் நைட்ரஜன் பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் அஸ்பராஜினாகவும் ஏறுவதால் நிறம் வெளிறியிருக்கும். பட்டாணியிலோ கொண்டைக்கடலையிலோ செய்து பார்த்து, முடிச்சு இருந்தும் சிவக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். அவை அஸ்பராஜின் போன்ற அமைடுகளாக அனுப்பும் இனம்.