சப்வூஃபரை விடுங்கள், முதலில் பெட்டியைப் பாருங்கள்

காருக்கு சப்வூஃபர் (கனமான பேஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) வாங்கப் போகிறவர்கள் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 1400 வாட், 2000 வாட்டைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். அது பீக், ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்சம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் வாட், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 300 என்றால் அது 300 வாட் சப், அவ்வளவுதான். சப்பை ஓட்டும் ஆம்ப்பையும் (ஆம்ப்ளிஃபையர்) அதே ஆர்எம்எஸ் கணக்கில்தான் தேட வேண்டும், அதுவும் எத்தனை ஓமில் (மின்தடை அளவு) என்று சேர்த்துப் பார்த்து. தலா 4 ஓமில் இரண்டு கம்பிச்சுருள் (காயில்) உள்ள சப்பை பேரலலாக இணைத்தால் 2 ஓம், சீரீஸில் 8 ஓம். உங்கள் மோனோ (ஒரே சேனல்) ஆம்ப் 2 ஓமைத் தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

சரி, சப்பை மாட்டும் மரப்பெட்டிக்கு வருவோம். சென்னை ஜி.பி. ரோடானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், கையில் இருக்கும் ரெடிமேட் பெட்டியைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் சத்தம் அதிகம் வரும், ஆனால் இடம் நிறையப் பிடிக்கும், போர்ட்டின் நீளம் பிசகினால் எல்லாப் பாட்டும் ஒரே உறுமலாகக் கேட்கும். ஹேட்ச்பேக்குக்கு, அதுவும் முதல் தடவை என்றால், மூடிய பெட்டியே போதும் என்பேன். மிருதங்கமும் தவிலும் அதில் தனித்தனியாகக் கேட்கும்.

12 இன்ச் சப்புக்கு மூடிய பெட்டி பெரும்பாலும் 28 லிட்டரை ஒட்டி வரும். உங்கள் மாடலுக்கான அளவு கையேட்டில் இருக்கும், அதுவே இறுதி. உள்ளளவு 36 × 36 × 25 செ.மீ. என்றால் 32.4 லிட்டர், அதில் சப்பின் காந்தமும் கூடையும் (உலோகச் சட்டகம்) இரண்டு மூன்று லிட்டரைத் தின்றுவிடும். 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை போடுங்கள், மூலைகளில் பசையும் ஸ்க்ரூவும், உள்பக்க இணைப்பெல்லாம் சிலிகான். எம்டிஎஃப்புக்குத் தண்ணீர் ஆகாது, மழைக்காலத்தில் டிக்கி நனைகிற வண்டி என்றால் அடிப்பக்கத்துக்கு பெயின்ட் அடித்துவிடுங்கள்.

சப்பை மாட்டியதும் இரண்டு கைகளாலும் கூம்பை மெதுவாக, நேராக உள்ளே அழுத்தி விட்டுப் பாருங்கள். சோம்பலாக எழுந்து வந்தால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை.

வயரிங்கில் கஞ்சத்தனம் கூடாது. 300 வாட்டுக்கு நல்ல செம்பு 8 கேஜ் போதும், ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைப்பதெல்லாம் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது, அதைத்தான் வாங்குவேன் என்றால் இன்னும் தடிமனான 4 கேஜுக்குப் போங்கள். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது ஆம்ப்பைக் காப்பாற்ற இல்லை, வயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க. பவர் வயர் ஒரு பக்கமும் ஆர்சிஏ (ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் வயர்) மறு பக்கமும் போகட்டும், சேர்ந்து ஓடினால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் விசில் ஏறும். எர்த் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. டிக்கியில் பாடியின் பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து, தகடு பளபளவென்று தெரிந்த பிறகு போல்ட் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொடாதீர்கள்.

ஆம்ப்பில் இருக்கும் கெயின் திருகு வால்யூம் திருகு இல்லை. அதை முழுசாகத் திருப்பிவைத்துத்தான் பாதி சப்கள் கருகுகின்றன. ஸ்டீரியோவில் ஈக்வலைசரையும் பேஸ் பூஸ்டையும் அணைத்து, சப் வயரைக் கழற்றி, வால்யூமை முக்கால் பங்கில் வைத்து 50 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்கள். ஆம்ப்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் கிடைக்கும்: 300 வாட், 2 ஓமுக்கு 24.5. கெயினை மெல்ல ஏற்றி, அந்த எண் வந்ததும் நிறுத்துங்கள். சப் வயரை மறுபடி மாட்டி, ஆம்ப்பின் லோ பாஸை (அதற்கு மேலான சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் வைத்து, அப்புறம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 என்று மாற்றிக் கேட்டு, எதில் பேஸ் கனமாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்கினால் கடையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் வாங்கச் சொல்வார்கள். அதற்கு முன்னால் அந்த எர்த் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்கிப் பாருங்கள்.