பெயர்பெற்ற சிறு பாய்மர யாட்டுகள்: வரலாற்றிலும் தேர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950-களின் இறுதியிலிருந்து 1970-களின் இறுதிவரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் தொழிற்சாலை அச்சுகளில் வார்க்கப்பட்டு, நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் வெளிவந்த சிறிய பாய்மர யாட்டுகள் பல இன்றும் கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 22 அடியிலிருந்து 32 அடிவரை நீளமுள்ள அந்தப் படகுகளைப் பற்றிப் படிப்போரும் எழுதுவோரும், அந்த நாடுகளில் வாழ்ந்துகொண்டு பழைய படகொன்றை வாங்கலாமா என்று யோசிப்போரும், திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை: வகையின் பெயரையே படகாக எண்ணிவிடுவதுதான் அந்த வேர். வகையின் பெயர் வரைபடத்தை மட்டுமே சொல்லும். கண்முன் நிற்கும் படகு எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில், எந்த முறையில் கட்டப்பட்டது, அதன்பின் யார் யார் கைபட்டது என்பதை அது சொல்லாது.

வரலாற்றிலேயே முதல் பிழை தொடங்கிவிடுகிறது. 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் உறவினர்கள் இருவர் காட்சிக்கு வைத்த 28 அடி நீள டிரைடன்தான் முதல் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடியிழை) யாட் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1956-இல், பிலிப் ரோட்ஸ் வரைந்த 40 அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள பவுண்டி 2 கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் ஃபைபர்கிளாஸில் வார்க்கப்பட்டது. டிரைடனின் சிறப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 10,000 டாலருக்குள் ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய, நான்கு பேர் படுத்துறங்கக்கூடிய, கடலுக்குப் போய்வரக்கூடிய படகாக அது இருந்தது; 700-க்கும் மேற்பட்ட டிரைடன்கள் கட்டப்பட்டன. அதை வரைந்த கார்ல் ஆல்பெர்க் ஸ்வீடனில் பிறந்தவர். ஒடுங்கிய உடல், நீண்ட ஏரா (படகின் அடியில் நீருக்குள் இறங்கும் கனமான பகுதி), ஏராவின் பின்விளிம்பிலேயே பொருத்தப்பட்ட சுக்கான் என்று அவருடைய படகுகளில் காணும் அமைப்பு ஸ்காண்டிநேவியக் கடலோர மரபின் தொடர்ச்சி என்பதை அறியாமல் டிரைடனை அமெரிக்காவின் திடீர்க் கண்டுபிடிப்பாகப் பார்ப்பது சரியல்ல.

அந்த மரபின் மிகப் பெரிய பெயர் ஃபோக்போட். மலிவாகவும் எளிதாகவும் கட்டத்தக்க ஒரு குடும்பப் படகுக்காக ஸ்காண்டிநேவியப் பாய்ப்படகுச் சங்கங்கள் 1940-களின் தொடக்கத்தில் ஒரு போட்டி நடத்தின. எந்த வரைபடமும் முழுமையாகத் தேறவில்லை. எனவே வந்தவற்றின் நல்ல கூறுகளை ஒன்றுசேர்த்துப் புதிய வரைபடம் ஆக்கும் பணி டோர்ட் சுண்டேனிடம் தரப்பட்டது. முதல் படகு 1942-இல் கோதன்பர்கில் நீரில் இறங்கியது. நீளம் 7.68 மீட்டர், அகலம் 2.20 மீட்டர், நீருக்குள் அமிழும் ஆழம் 1.20 மீட்டர். ஏறத்தாழ இரண்டு டன் எடையில் பாதிக்கும் சற்று மேலாக ஏராவில் தொங்கும் இரும்புதான். பலகையின் மேல் பலகை விளிம்பேறி அமையும்படி கட்டப்பட்ட மரப்படகு அது. 1970-களில் ஃபைபர்கிளாஸ் அனுமதிக்கப்பட்டபோதும், பழைய மரப்படகுகளோடு சமமாகப் பந்தயம் ஓட வேண்டும் என்பதற்காக, அதே பலகை வரிகள் அச்சிலேயே வடிக்கப்பட்டன. மரப்படகு வைத்திருந்தவர்களை ஒரே நாளில் பின்தள்ளிவிடாத அந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இங்கேதான் பெயர்க் குழப்பம் மிகுதி. வழவழப்பான பக்கங்களைக் கொண்ட ஃபைபர்கிளாஸ் படகு ஒன்றைக் காட்டி ‘ஃபோக்போட்’ என்று விற்பவர்கள் உண்டு. அது அதே சுண்டேன் 1960-களில் வரைந்து, ஸ்வீடனின் மரிஹோல்ம் பட்டறையில் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்ட இன்டர்நேஷனல் ஃபோக்போட்டாக இருக்கலாம். இங்கிலாந்தின் லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் பட்டறையிலிருந்து அதே பத்தாண்டில் வெளிவந்த கொன்டெஸா 26 ஆகவும் இருக்கலாம். இவை மூன்றும் ஒரே குடும்பம் என்பது உண்மையே. ஆனால் பழைய ஃபோக்போட்டில் முன்பாயின் கயிறு பாய்மரத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும்; கொன்டெஸா 26-இல் அது உச்சிவரை ஏறும். பாய்களின் அளவும், காற்றைத் தாங்கும் முறையும், வாங்க வேண்டிய உதிரிப்பொருட்களும் இதனால் மாறுகின்றன. பந்தய வகுப்புகளும் வெவ்வேறு.

நீளத்தைப் பற்றிய தவறு அடுத்தது. டிரைடனின் முழு நீளம் 28.5 அடி, ஆனால் நிமிர்ந்து மிதக்கும்போது நீரைத் தொடும் நீளம் 20.5 அடி மட்டுமே. எடையால் நீரை விலக்கிச் செல்லும் படகின் வேக எல்லையைத் தோராயமாகக் கணக்கிட, நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குவது வழக்கம். முழு நீளத்தை வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 7 கடல் மைலுக்கு மேல் வரும். நீர்க்கோட்டை வைத்தால் ஏறத்தாழ 6 கடல் மைல்தான். முழு நீளத்தில் டிரைடனைவிட மூன்று அடிக்கு மேல் குட்டையான ஃபோக்போட்டின் நீர்க்கோடு 6 மீட்டர் என்பதால், இரண்டின் வேக எல்லையும் ஏறத்தாழ ஒன்றே. டிரைடனின் முன்னும் பின்னும் நீண்டு தொங்கும் அந்த அழகிய வளைவு வெறும் அலங்காரமல்ல. அமெரிக்காவின் அன்றைய பந்தய அளவீட்டு விதி நீர்க்கோட்டு நீளத்தை வேகத்தின் அளவாகக் கொண்டு தண்டித்தது. படகு சாயும்போது தொங்கும் பகுதிகளும் நீரில் அமிழ்ந்து நீர்க்கோட்டை நீட்டிக்கொள்ளும் என்பதால் வரைபடக் கலைஞர்கள் அந்த வடிவத்தை நாடினர். இதை அறிந்தவர், அதே நீளமுள்ள இன்றைய படகின் உள்ளறை இடத்தை அதில் தேடி ஏமாற மாட்டார்.

சாய்வையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அகலமான இன்றைய படகில் பழகியவர் ஆல்பெர்க்கின் படகிலோ ஃபோக்போட்டிலோ முதன்முறை ஏறினால், மிதமான காற்றிலேயே அது சட்டென்று சாய்வதைக் கண்டு ‘இது நிலையற்ற படகு’ என்று முடிவுகட்டிவிடுவார். ஒடுங்கிய உடல் முதல் சில பாகைகளுக்கு எளிதில் சாயத்தான் செய்யும். 20 பாகையை நெருங்கும்போது ஏராவின் கனம் வேலைசெய்யத் தொடங்கி, படகு அதே சாய்வில் உறுதியாக நின்றுவிடும். அதற்கு மேல் காற்று ஏறும்போது பெரிய பாயைக் குறைக்காமல் விடுவதே உண்மையான தவறு. அப்போது சுக்கான் தடி கையை இழுக்க, படகு காற்றை நோக்கித் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். பாயை ஒரு மடிப்புக் குறைத்தால் வேகம் குறையாமலே சுக்கான் இலேசாகிவிடும். தொடக்க நிலைத்தன்மையும் இறுதி நிலைத்தன்மையும் வேறு வேறு என்பதை 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் என்னும் பிரிட்டிஷ் கடற்பந்தயம் கடுமையாகக் காட்டியது. 303 படகுகள் புறப்பட்ட அந்தப் பந்தயத்தைப் புயல் தாக்கியது. பந்தய மாலுமிகள் 15 பேர் உயிரிழந்தனர். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு ‘அசென்ட்’ என்னும் கொன்டெஸா 32. பின்னர் நடந்த ஆய்வில், பந்தய விதிக்கென்று அகலமாக வரையப்பட்ட அதே அளவிலான ஒரு படகு ஏறத்தாழ 117 பாகைக்கு மேல் சாய்ந்தால் தானாக நிமிரும் ஆற்றலை இழக்கும் என்றும், கொன்டெஸா 32-க்கு அந்த எல்லை 155 பாகையையும் தாண்டும் என்றும் கணக்கிடப்பட்டது.

இந்தப் புகழே மற்றொரு தவறுக்கு வழிவகுக்கிறது. அசென்ட் தப்பியது என்பதற்காக, இருபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு கொன்டெஸாவின் கம்பிக் கயிறுகளும் புயலைத் தாங்கிவிடாது. 1960-இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் ஹாஸ்லர் என்னும் பிரிட்டிஷ் மாலுமி 48 நாட்களில் கரைசேர்ந்த ‘ஜெஸ்டர்’ ஒரு ஃபோக்போட் என்று மேற்கோள் காட்டுவோர், அது ஒற்றைச் சீனப் பாயுடன், உள்ளிருந்தபடியே இயக்கும் வகையில் முற்றிலும் மாற்றியமைக்கப்பட்ட படகு என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். 1985-இல் 18 வயதில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த டானியா ஏபியின் கொன்டெஸா 26-க்கு ‘வருணா’ என்று பெயர். நம் கடல் தெய்வத்தின் பெயரை அந்தச் சிறு படகில் காண எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. என்றாலும் அந்தப் பயணம் அந்தப் பெண்ணின் விடாமுயற்சிக்குச் சான்றே தவிர, சந்தையில் கிடக்கும் ஒவ்வொரு கொன்டெஸாவுக்கும் தரச்சான்றாகாது.

எல்லாவற்றிலும் பணத்தைக் கரைக்கும் தவறு, ‘அந்தக் காலத்து ஃபைபர்கிளாஸ் தடிமனானது, அழியாது’ என்ற நம்பிக்கை. ஃபைபர்கிளாஸின் வலிமை தெரியாததால்தான் அப்படித் தடிமனாக வார்த்தார்கள் என்ற கதையும் பாதி உண்மையே. அமெரிக்கக் கடற்படை 1940-களிலேயே அந்தப் பொருளில் சிறு படகுகளைக் கட்டிவிட்டது. கண்ணாடியிழை வலிமையானது, ஆனால் வளையும் தன்மையுடையது. உள்விலா எலும்புகள் இல்லாமல் உடல் விறைப்பாக நிற்க வேண்டுமானால் தடிமன் கூட வேண்டும். உடலுக்கு அந்தத் தடிமன் நன்மையே செய்தது. தளமோ (படகின் மேல்தட்டு) வேறு கதை. மேலே எடை கூடாமல் விறைப்பு வேண்டும் என்பதற்காக, இரண்டு மெல்லிய ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் மிக இலேசான மரத்தை வைத்தார்கள். தளத்தில் திருகிய ஒவ்வொரு கொளுவியின் (கயிறு கட்டும் பொருத்தின்) துளை வழியாகவும் ஐம்பது ஆண்டுகளாக மழைநீர் இறங்கினால் பால்சா ஊறிக் கூழாகிவிடும். மேல்தகடு மட்டும் பளபளப்பாகவே இருக்கும்.

இதைக் கண்டறியப் பெரிய கருவி தேவையில்லை. சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல, தளம் முழுவதும் கையளவு இடைவெளியில் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய இடம் ‘பொத் பொத்’ என்று மங்கும். பாய்மரத்தின் அடி, பக்கக் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், கைப்பிடிக் கம்பங்களின் அடி ஆகிய மூன்றையும் இருமுறை தட்ட வேண்டும். டிரைடன்களில் பெரும்பாலானவை அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கட்டப்பட்டன. அவற்றின் தளத்தில் பால்சா உண்டு. சாசலிட்டோவில் ஏரோமரீன் நிறுவனம் கட்டியவற்றின் தளம் முழுத் தடிமன் ஃபைபர்கிளாஸ். ஒரே பெயர், ஒரே வரைபடம். ஆனால் ஒன்றின் தளத்தைப் பெயர்த்துப் புதுப்பிக்க ஒரு கோடை முழுவதும் போகலாம், மற்றொன்றில் அந்த வேலையே இராது. கசிவைக் கண்டவுடன் சிலிகான் பசையை மேலே பூசிவிடுவது நோயை மறைப்பதாகும். கொளுவியைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, ஊறிய பால்சாவைச் சுரண்டி உலரவிட்டு, எபாக்சி என்னும் இறுகும் பசையை நிரப்பி, அதன் நடுவே புதிய துளை இடுவதே முறை.

உடலின் அடியில் தோன்றும் கொப்புளங்களைக் கண்டு ஓடிவிடுவது இதற்கு நேரெதிரான தவறு. ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு வழியே ஊடுருவிய நீர், கண்ணாடியிழையைப் பிணைக்கும் ரெசினின் எச்சங்களைக் கரைத்து, புளித்த வாடையுள்ள நீராகச் சேர்வதால் அவை உருவாகின்றன. சில கொப்புளங்கள் படகை மூழ்கடிப்பதில்லை. விலையைக் குறைத்துப் பேச அவை உதவும் என்பதே நடைமுறை.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வகைக்கு வகை மாறும். 2,400-க்கும் மேல் கட்டப்பட்ட பிரிட்டனின் வெஸ்டர்லி சென்டார் இரட்டை ஏராப் படகு. நீர் வடியும்போது சேற்றில் நேராக நிற்கும். அந்த ஏராக்கள் பக்கவாட்டில் அழுத்தப்படும்போது அவை பொருந்தும் அடித்தளம் நெகிழ்வதால், உள்ளே வலுவூட்டப்பட்டிருக்கிறதா என்று தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 1969-இல் ஃபிராங்க் பட்லர் தொடங்கி 15,000-க்கு மேல் விற்ற கேடலினா 22-இல், ஏறி இறங்கும் வார்ப்பிரும்பு ஏராவின் சுழல் ஊசியும் அதைத் தூக்கும் கம்பியும் தேயும். கனடாவில் கட்டப்பட்ட ஆல்பெர்க் 30-இல் தளத்தின்மேல் நிற்கும் பாய்மரத்தைத் தாங்கும் மர உத்தரம் விரிசல் விடும். ஸ்வீடனின் ஆல்பின் வேகாவிலும் பாய்மரத்துக்குக் கீழுள்ள தாங்கியைப் பார்த்தே ஆக வேண்டும். கேபின் கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டால் தளம் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள்.

எஞ்சின் விஷயத்தில், டிரைடன் போன்ற அமெரிக்கப் படகுகளில் இருந்த யூனிவர்சல் நிறுவனத்தின் அட்டாமிக் 4, 30 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோல் என்பதற்காகவே அதைக் கழித்துவிட வேண்டியதில்லை. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிக்குழியில் தேங்கும். எனவே காற்றுவிசிறியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த பின்பே சாவியைத் திருப்ப வேண்டும்.

கடைசியாக, ஆண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு படகுக்கும் சட்டப்படியான உடல் அடையாள எண் 1972 நவம்பரிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முந்தைய படகின் பிறப்பை அறிய, கட்டியவர் பதித்த உலோகத் தகட்டையும், அந்த வகையின் உரிமையாளர் சங்கம் பேணும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாயில் தைத்திருக்கும் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அந்தப் பாய் வேறொரு படகிலிருந்து வாங்கியதாக இருக்கலாம்.