வாசிப்பு நிற்கவில்லை, மதிப்புரை மட்டும் நின்றுவிட்டது என்றால்

நான்கு வருடம் நான் ஒரு மதிப்புரைகூட எழுதவில்லை. அந்த நான்கு வருடத்தில் வாசித்த புத்தகங்களின் பெயரை ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். 163 இருக்கின்றன. காலையில் அம்பாசமுத்திரத்தில் ரயில் ஏறினால் திருநெல்வேலியில் இறங்கும் வரை வாசிப்புதான். வீரவநல்லூர், சேரன்மகாதேவியில் கூட்டம் ஏறிவிடும். வயதானவர் யாருக்காவது இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றபடியே வாசிப்பேன். வாசிப்பின் ருசி ஒருநாளும் குறையவில்லை. ஆனால் ராத்திரி எழுத உட்கார்ந்தால் முதல் வரி வராது. வந்த வரியும் வேறு யாரோ எழுதியதுபோல இருக்கும்.

இதே நிலையில் இருக்கும் சிலரை எனக்குத் தெரியும். நன்றாக வாசிக்கிறவர்கள், முன்பு நன்றாக எழுதியவர்களும்கூட. அவர்களுக்காகவே, நான் எப்படித் திரும்ப எழுத ஆரம்பித்தேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில், உங்களை நிறுத்திய வாக்கியம் எது என்று கண்டுபிடியுங்கள். நம்பிக்கை தானாகக் கரைந்துபோனது போலத்தான் தோன்றும். யோசித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாக்கியம் அகப்படும். எனக்கு அது வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் கிடைத்தது. ஒரு நாவலைப் பற்றி ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போய் வாசித்தேன். முடித்ததும் மூத்த வாசகர் ஒருவர், "இது விமர்சனம் இல்லையேம்மா, கதைச் சுருக்கம்தானே?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த ஏழு பக்கத்தையும் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அதன்பிறகு எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தக் குரல் முன்னால் வந்து நிற்கும்.

அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அது உண்மையா என்று பாருங்கள். நான் இதைச் செய்யவே மூன்று வருடம் ஆனது. எழுதிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவர் சொன்னது சரி, அது விமர்சனம் இல்லை. ஆனால் நான் விமர்சனம் எழுதவே உட்காரவில்லை. எனக்குப் பிடித்த ஒரு நாவலைப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம், குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் விமர்சனம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நூல் அறிமுகம் என்பது, இப்படி ஒரு புத்தகம் இருக்கிறது, இதில் இன்னது இருக்கிறது என்று வாசிக்காதவருக்குச் சொல்வது. மதிப்புரை இன்னும் ஒரு படி போய், அந்தப் புத்தகம் என்ன செய்ய முயன்றது, அது எனக்கு எவ்வளவு தூரம் கூடி வந்தது என்று சொல்லும். விமர்சனம் வாசித்தவர்களோடு நடத்தும் பேச்சு. மற்ற படைப்புகளோடும் மரபோடும் வைத்துப் பார்க்கும் வேலை, அதற்குத் தனிப் படிப்பு வேண்டும். அதற்கென்று தனி இடம் வேண்டும் என்றுதானே சி.சு.செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். மூன்றும் மரியாதைக்குரிய வேலைகள். அறிமுகம் எழுத உட்கார்ந்துவிட்டு விமர்சனத்தின் அளவுகோலால் நம்மை அளந்தால் கை நின்றுதான் போகும்.

க.நா.சுப்ரமண்யம் (1912–1988) கறாரான விமர்சகர் என்று பெயர் வாங்கியவர். அவர் நல்ல புத்தகங்களை வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தி எழுதிய கட்டுரைகளுக்கு வைத்த தலைப்பு 'படித்திருக்கிறீர்களா?'. அந்தக் கேள்வி என்னை மிகவும் தேற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்பதுபோல இருக்கிறது. எழுதத் தொடங்கும் முன் தாளின் மேல் மூலையில் இன்றுவரை அந்த ஒரு சொல்லை எழுதிக்கொள்கிறேன். நீங்களும் எழுத உட்காருவதற்கு முன், இது அறிமுகமா, மதிப்புரையா, விமர்சனமா என்று மேலே ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

அடுத்தது, வாயால் சொல்லிப் பாருங்கள். பேனாவுக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

எனக்கு இது தற்செயலாக நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனி (அண்ணியை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படி என்னளா இருக்கு அந்த புஸ்தகத்துல, எப்பப் பாத்தாலும் மூஞ்சிய மறச்சிக்கிட்டு?" என்று கேட்டார். அது அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவல். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சத்தில் அல்லாடும் ஜமுனா, அவளை ஏமாற்றும் ஒருவன், அவள் தங்கை, அக்கம்பக்கத்து டீச்சரம்மா ஆகியோரின் கதை. மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஆரம்பித்தேன். கீரை உருவி முடிந்து, தண்டையெல்லாம் வெளியே போட்டு, அப்புறமும் பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான்கு வருடமாக வராத வாக்கியங்கள் எல்லாம் வாயில் வந்தன.

மைனி இடையிடையே கேட்டார். "அந்த ஜமுனாவுக்கு அவன் இப்படித்தான்னு தெரியாதா?" "தங்கச்சிக்காரி ஏன் கோவிச்சிக்கிட்டுப் போறா?" "டீச்சரம்மா எப்படி அந்த வீட்டுல இருக்கா?" கேள்வி ஒவ்வொன்றும் ஒரு பத்தி. அன்று ராத்திரி அந்தக் கேள்விகளை வரிசையாக எழுதிவிட்டு, கீழே மைனிக்குச் சொன்ன பதிலையே எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது.

ஆகவே உங்களுக்கு ஒரு மைனியைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் இலக்கியம் தெரிந்தவராக இருக்க வேண்டாம், இல்லாதிருப்பதே நல்லது. புத்தகத்தை வாசிக்காதவர், உங்கள்மேல் பிரியம் உள்ளவர், கதை கேட்கப் பிடித்தவர், இவ்வளவு போதும். யாரும் கிடைக்காவிட்டால் போனில் குரலைப் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் வேகம் பிடிக்கிறது என்று கவனியுங்கள். மதிப்புரை அந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் பத்தியில் ஆசிரியர் பிறந்த ஊரும் வாங்கிய விருதும் வேண்டாம்.

சொந்த வாக்கியம் எது, இரவல் வாக்கியம் எது என்று பிரிப்பது அடுத்த வேலை. 'தண்ணீர்' பற்றி முன்பு ஒரு தடவை எழுத முயன்று கிழித்துப் போட்டிருக்கிறேன். "சென்னை மாநகரின் தண்ணீர்ப் பஞ்சத்தை யதார்த்தமாகப் பதிவு செய்திருக்கிறார்" என்று தொடங்கியிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறக்காமலே, பின்னட்டையைப் பார்த்து அதை எழுதிவிட முடியும். மைனியிடம் சொன்னது வேறு. "நாம ஆத்தங்கரையில பிறந்தவங்க மைனி. தாமிரபரணியில முங்கி எந்திரிச்சு ஈரத்தோட வீட்டுக்கு வருவோம். அங்க ஒரு குடம் தண்ணிக்கு அலையிறாங்க. அந்த அலைச்சல்ல ஒருத்திக்கு அழக்கூட நேரமில்ல." எழுதும்போது அதை இப்படி ஆக்கினேன்: "ஆற்றங்கரை ஊரில் வளர்ந்த எனக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவது என்றால் என்னவென்று தெரியாது. இந்த நாவலில் ஜமுனாவுக்கு வாழ்க்கையே வெறுத்துப் போகிறது. அப்போதும் தண்ணீர் பிடிக்க வேண்டியிருக்கிறது. துக்கத்துக்கு நடுவில் குடம் வந்துவிடுகிறது."

இரண்டாவதை எழுத, நான் அந்தப் புத்தகத்தை வாசித்திருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரியாகவும் இருக்க வேண்டும். சென்னையில் குடத்தோடு வளர்ந்த ஒருவர் எழுதினால் வேறு மாதிரி எழுதுவார், என்னைவிட நன்றாகவும் எழுதுவார். அது அவருடைய மதிப்புரை.

இரவல் வாக்கியங்களை அடையாளம் காண ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். "முக்கியமான வரவு", "கீழே வைக்க முடியவில்லை", "கச்சிதமான மொழிநடை", "விளிம்புநிலை மக்களின் வாழ்வியலைப் பதிவு செய்கிறது", "அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்", அப்புறம் கடைசிப் பத்தியில் தவறாமல் வரும் "எழுத்துப் பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்". இவற்றில் ஒன்று கைக்கு வந்தால் அங்கேயே நிறுத்தி, ஏன் அப்படித் தோன்றியது, எந்தப் பக்கத்தில் தோன்றியது என்று கேளுங்கள். கீழே வைக்க முடியவில்லையா? எந்த ஸ்டேஷனில் இறங்க மறந்தீர்கள் என்று எழுதுங்கள். கட்டுடைப்பு, பின்நவீனம் போன்ற சொற்களும் அப்படித்தான். ஒரு சொல்லை மைனிக்கு விளக்க முடியும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் இப்போதைக்கு அது நம்முடையது இல்லை.

வாசிக்கும்போதே குறிப்பெடுப்பது பற்றி. என் புத்தகங்களில் பாதி நூலகத்து இரவல், அடிக்கோடு போட முடியாது. அதனால் பழைய காலண்டர் தாளைக் கிழித்து ஒரு துண்டைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வேன். அதில் பக்க எண் மட்டும் எழுதுவேன். நின்று யோசித்த இடத்துக்கு ஒரு புள்ளி, புரியாத இடத்துக்குக் கேள்விக்குறி, சலித்த இடத்துக்கு ஒரு கோடு. வாக்கியமாக எழுத ஆரம்பித்தால் வாசிப்பு நின்றுவிடும், பரீட்சைக்குப் படிப்பதுபோல ஆகிவிடும். ஏற்கெனவே நம்பிக்கை இழந்தவர்கள் வாசிப்பையும் அப்படிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எழுதுகிற ஆசையைவிட அந்த ருசி பெரிது. எழுதும் எண்ணமே வாசிப்பைத் தொந்தரவு செய்தால் அந்தத் துண்டையும் வைக்க வேண்டாம்.

புத்தகத்தை முடித்த பின் ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். பிறகு புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் இருப்பதை எழுதுங்கள். பத்து நாள் கழித்தும் நிற்கிற காட்சி ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவே மதிப்புரைக்குப் போதும். 'தண்ணீர்' நாவலில் எனக்கு நின்றது டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் கதையைச் சொல்லும் இடம். தன்னைவிட மிகவும் மூத்த, நோயாளியான கணவர், ஓயாமல் வைகிற மாமியார், இத்தனைக்கும் நடுவில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாள். அந்த இடத்தைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினேன். கதையின் முடிவைச் சொல்லவில்லை. எழுதி முடித்த பிறகு துண்டை எடுத்து, பாத்திரங்களின் பெயர், உறவுமுறை, நிகழ்ச்சிகளின் வரிசை எல்லாவற்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அக்காளைத் தங்கையாக்கி எழுதிவிட்டால் மற்றதெல்லாம் எடுபடாது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை உங்கள் முதல் வரைவு முடியும் வரை வாசிக்காதீர்கள். நம்பிக்கை குறைந்திருக்கும்போது நாம் வாசித்த கடைசிக் கட்டுரை நம் கையைப் பிடித்துக்கொண்டு எழுதும். முடித்த பிறகு தாராளமாக வாசியுங்கள்.

சிறுகதைத் தொகுப்பு என்றால் எல்லாக் கதைகளையும் தொட வேண்டியதில்லை, இரண்டு கதை போதும். கவிதைத் தொகுப்புக்கு ஒரு கவிதை. மொழிபெயர்ப்பு என்றால், மூலமொழி தெரியாதபோது "மூலத்துக்கு விசுவாசமான மொழிபெயர்ப்பு" என்று எழுதாதீர்கள். தமிழில் எப்படி ஓடுகிறது, எங்கே தட்டியது என்று சொல்லலாம். தெரிந்தவர் எழுதிய புத்தகம் என்றால் தெரிந்தவர் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுவேன்.

பிடிக்காத புத்தகம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. எழுத்தாளர் வருத்தப்படுவார், அல்லது நமக்குத்தான் புரியவில்லையோ என்று இரண்டு பயம். திரும்ப எழுதத் தொடங்கும் முதல் ஆறு மாதம் பிடித்த புத்தகங்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள். பிடிக்காததை அதன்பிறகு எழுதும்போது, கோடு போட்ட பக்கத்துக்குப் போய், அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். "பாத்திரங்கள் தட்டையாக இருக்கின்றன" என்பது தீர்ப்பு. "மகன் இறந்த மறுநாள் அம்மா என்ன செய்தாள் என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தேன், அடுத்த அத்தியாயம் ஐந்து வருடம் தாண்டிப் போய்விட்டது" என்பது ஒரு வாசகியின் ஏமாற்றம். இரண்டாவதை யாரும் மறுக்க முடியாது. எழுத்தாளருக்கும் அது பயன்படும்.

அளவும் முக்கியம். முதல் மதிப்புரை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நான் நோட்டில் வலதுபக்கம் மட்டும் எழுதினேன், பக்கம் முடிந்தால் மதிப்புரையும் முடிந்தது. பத்து எழுதிய பிறகுதான் ஒன்றை வெளியே காட்டினேன். அதுவும் முதலில் மைனிக்கு. அவர் வாசித்துவிட்டு, "அந்த டீச்சரம்மாவ இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்" என்றார்.

பதினோராவதும் 'தண்ணீர்' பற்றியதுதான். அதை அதே வாசகர் வட்டத்தில் வாசித்தேன். அந்தப் பெரியவரும் வந்திருந்தார். முடிந்ததும், "நல்லா இருக்கும்மா. ஆனா இன்னும் கதைதான் கூட இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்து எண்ணினேன். ஒன்பது பத்தியில் ஐந்து கதை. அவர் சொன்னது சரிதான். ஐந்தை இரண்டாக்கினேன், டீச்சரம்மாவுக்கு ஒரு பத்தி கூட்டினேன், மறுநாள் ரயிலில் அதை நல்ல தாளில் படியெடுத்தேன்.