மார்பகப் புற்றுப் புண்ணுக்கு வீட்டில் கட்டுப் போடுவது எப்படி?

மார்பகப் புற்று தோலுக்குப் பரவினால் சிலருக்கு அது வெடித்துப் புண்ணாகும். ஊசி மருந்தா, மாத்திரையா, கதிர்வீச்சா என்பதை சதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சொல்வார். தினசரிக் கட்டு நம் வேலை. சித்திக்கு ஏழு மாதம் கட்டுப் போட்டவள் நான்.

1. டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

2. அரை லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாக.

3. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மாட்டிப் பழைய கட்டைப் பிரியுங்கள். முதல் நாள் காய்ந்த காஸ் துணியை நான் அப்படியே இழுத்துவிட்டேன். ரத்தம் கசிந்தது. சித்தி தலையணையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லடி, நீ செய்" என்றார். ஒட்டியிருந்தால் உப்புத் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், வழுக்கிக்கொண்டு வரும்.

4. ஊசி மாட்டாத சிரிஞ்சில் அதே தண்ணீரை எடுத்து மெல்லப் பீய்ச்சிக் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

5. அப்புறம் நாற்றம். அது சுத்தக் குறைவால் வருவதில்லை; செத்த சதையில், காற்றில்லாத இடத்தில் பெருகும் கிருமிகளின் வேலை. டாக்டரிடம் கேட்டு, அந்தக் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவலாம், ஜெல்லும் உண்டு. ஊதுபத்தி ஏற்றினால் இரண்டு வாசமும் கலந்து இன்னும் மோசம். பொடி தூவத் தொடங்கிய சில நாளில் சித்தி, யாரும் கூப்பிடாமலே கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

6. வாசலின் காஸ், அதன்மேல் பஞ்சுத் திண்டு. நீர் அதிகம் வடிந்தால் சானிட்டரி நாப்கின் நன்றாக உறிஞ்சும். பிளாஸ்திரி தோலை உரிக்கும். தளர்வான பருத்தி பனியனே கட்டைத் தாங்கும்.

7. ரத்தம் வந்தால் ஈரக் காஸை வைத்து 10–15 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. அடர்நிறத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், அதில் ரத்தம் பளிச்சென்று தெரியாது. நிற்கவில்லை என்றால் உடனே மருத்துவமனை.

புழு தெரிந்தால் நோண்டாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.