கெயின் எறக்கினதும் சாட்டிலைட் வந்துச்சு (என் அனுபவம்)

வேளச்சேரில மொட்டை மாடில வி டைபோல் ஆன்டெனா (ரெண்டு கம்பிய வி மாதிரி விரிச்சது) கட்டி, ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள்ல (கம்ப்யூட்டர்ல சொருகற குட்டி ரேடியோ ரிசீவர்) 137.9 மெகாஹெர்ட்ஸ் வச்சு ரஷ்யாவோட மீட்டியோர் வானிலை சாட்டிலைட் படம் எடுக்கலாம்னு பாத்தா, அந்த இடத்துல எஃப்எம் ஆர்ஜே பேசிட்டு இருக்காரு!

கெயின், அதாவது சிக்னலை பெருக்கற அளவு, ஃபுல்லா 49.6 டிபி (டெசிபெல்) வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, சிட்டிக்குள்ள அது சரிவராது, ஏன்னா உள்ள இருக்கறது வெறும் 8 பிட் ஏடிசி (சிக்னலை நம்பரா மாத்தற பகுதி), 88லேர்ந்து 108 வரைக்கும் எஃப்எம் ஸ்டேஷனுங்க போடற சத்தத்துல ட்யூனர் திணறி இல்லாத இடத்துலல்லாம் பேய் சிக்னல் காட்டும். எது பேய்னு கண்டுபுடிக்க கெயினை ரெண்டு மூணு டிபி எறக்குங்க, நெஜ சிக்னல் அதே அளவு தான் எறங்கும், பேய் படார்னு விழுந்துடும்.

ஏஜிசிய (கெயினை தானாவே மாத்தற வசதி) ஆஃப் பண்ணிட்டு சைபர்லேர்ந்து மெதுவா ஏத்தினேன். சிக்னலும் நாய்ஸும் சேந்தே ஏற ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திடணும், அதுக்கு மேல லாபமே இல்ல. எனக்கு 30 டிபி பக்கத்துல நின்னுச்சு. அப்புறம் ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் நடுவுல ஒரு எஃப்எம் பேண்ட்ஸ்டாப் ஃபில்டர் (எஃப்எம் சிக்னலை மட்டும் தடுக்கறது) போட்டதும் இன்னும் கொஞ்சம் ஏத்த முடிஞ்சுது, இது கண்டிப்பா வாங்குங்க.

மிச்சமிருந்த கோடு கோடா நாய்ஸ் லேப்டாப் சார்ஜர்லேர்ந்து வந்தது, புடுங்கிட்டு பேட்டரில ஓட்டினா போச்சு.