நீலகிரியில் முதல் பறவை நடை: புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு செய்முறை

கடலோர ஊர்களில் உள்ள இயற்கைச் சங்கங்கள் பலவும் கடல்நீர் இறங்கும் நேரத்தைப் பார்த்துத்தான் பறவை நடைக்கு, அதாவது பறவை பார்க்கச் சேர்ந்து போகும் நடைக்கு, நேரம் குறிக்கின்றன. முகத்துவாரத்தில் நீர் இறங்கிச் சேறு தெரிந்தால் உள்ளான்கள் மேய வரும். ஸ்டாண்டில் ஸ்கோப்பை (ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கியை) நிறுத்தி, வரிசையில் நின்று, ஒரே பறவையை எல்லோரும் நிதானமாகப் பார்க்கலாம்.

நீலகிரியில் அந்தச் சௌகரியம் கிடையாது. சோலைக்காட்டில் பறவை இலைக்குப் பின்னால் இருக்கும். வெட்டவெளிக்கு வந்தாலோ மூடுபனி இறங்கிவிடும். அதனால் இங்கே பாதி வேலை காதுக்குத்தான். கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் ஏதாவது ஓர் இயற்கைச் சங்கத்தோடு முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை நடைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைனாகுலர் பிடிப்பதிலிருந்து, நடை முடிந்து டீக்கடையில் பட்டியல் போடுவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

1. பெயர் கொடுப்பது

ஒருங்கிணைப்பவருக்கு முதல் நாளே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். எங்கே கூடுவது, எவ்வளவு தூரம் நடப்பது, சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா, இந்த மூன்றையும் கேட்டால் போதும். காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருப்பதால், காலையில் திடீரென்று இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். புதியவர்களுக்கான நடை பெரும்பாலும் டீ எஸ்டேட் பாதையிலோ, சோலையின் ஓரத்திலோ, குன்னூர் சிம்ஸ் பூங்கா மாதிரியான இடத்திலோதான் இருக்கும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். தேயிலையும் சோலையும் சேரும் ஓரத்தில் கிடைக்கும் அளவுக்கு அடர்ந்த காட்டின் நடுவில் பறவைகள் கண்ணில் படாது.

2. பைனாகுலர்

முதல் நடைக்கு முன்பே வாங்கிவிடாதீர்கள். கேட்டால் யாராவது ஒருவர் உபரியாக வைத்திருப்பதைத் தருவார். இரண்டு மூன்று பேருடையதைக் கண்ணில் வைத்துப் பார்த்த பிறகு வாங்கினால் காசு வீணாகாது.

வாங்கும்போது “எவ்வளவு தூரம் தெரியும்?” என்று கேட்பதில் பயனில்லை. அதன் மேல் 8×42 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 8×42 என்றால் 5.25 வரும், உங்கள் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். சட்டைப் பையில் அடங்கும் 8×25இல் அது 3 சொச்சம்தான். நல்ல வெயிலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காலை ஆறரை மணிக்குச் சோலை ஓரத்தில் நின்றால், சின்னதில் பறவை வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும். சரி, 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்றால், மலையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. கைநடுக்கமும் கூடவே பெரிதாகும், ஒரே நேரத்தில் தெரியும் பரப்பும் பொதுவாகக் குறையும். இலைக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும் வெள்ளைக்கண்ணி மாதிரியான சின்னப் பறவையைப் பிடிக்க 8தான் தோது.

கையில் வந்ததும் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளுங்கள்:

- இரண்டு குழாயையும் விரித்துச் சுருக்கி, ஒரே வட்டமாகத் தெரியும்படி வையுங்கள்.
- மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும். போடாதவர்கள் வெளியே இழுத்துக்கொள்ளலாம்.
- வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பித் தூரத்துப் பலகை ஒன்றின் எழுத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, அதே எழுத்தை வலதுபக்க வளையத்தால் மட்டும் தெளிவாக்குங்கள். பல வகைகளில் அந்த வளையம் வலதுபுறம்தான் இருக்கும். இனி அதைத் தொட வேண்டாம். நடுச்சக்கரம் ஒன்றே போதும்.

அப்புறம் முக்கியமான பழக்கம் ஒன்று. பறவையைக் கண்ணால் பிடித்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பார்வையைப் பறவை மேலேயே வைத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்குங்கள். வீட்டு மாடியிலிருந்து எதிர்க் கம்பத்தில் உட்காரும் காகத்தை வைத்துப் பழகலாம்.

3. பத்துப் பறவை

புதிதாக வருகிறவர்கள் வந்ததும் கேட்பது காஷ்மீர் ஈப்பிடிப்பானை. குளிர்காலத்தில் ஊட்டிப் பக்கம் வரும் அபூர்வ விருந்தாளி அது. கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் வாசலில் வருவதைக் கற்றுக்கொண்டால்தான் புதிதாக ஒன்று வந்தால் “இது வேற” என்று உறைக்கும்.

என் பத்து இவை: சிவப்பு மீசைச் சின்னான், வெள்ளைக்கண்ணி, காட்டு மைனா, கருஞ்சிட்டு, பட்டாணிக்குருவி, சாம்பல் வாலாட்டி, காட்டுக்கோழி, சீகாரப் பூங்குருவி, நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான்.

கொண்டை வைத்த சின்னான் வேலியெல்லாம் இருக்கும். கருஞ்சிட்டு தேயிலைக்கு மேல் கம்பியில் உட்காரும். ஆண் கறுப்பு, இறக்கையில் வெள்ளைத் தீற்றல், பெண் பழுப்பு. வாலாட்டி வலசை வருவது. மழைக்காலம் முடியும் சமயத்தில் சாலையோர ஓடைகளில் வந்து வாலை ஆட்டத் தொடங்கும். பூங்குருவியைப் பெரும்பாலும் விடியும் முன்பே கேட்டுவிடுவீர்கள்: ஓடைப் பக்கமிருந்து, வேலையற்ற பையன் ஒருவன் ராகம் தெரியாமல் விசில் அடிப்பதைப் போல ஒரு பாட்டு. சிரிப்பானின் பெயரே அடையாளம். புதருக்குள்ளிருந்து ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்து சிரிக்கும். இது நீலகிரியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டுமே வாழ்வது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கொடைக்கானலுக்குப் போனால், அங்கே சிரிப்பது பழனிமலைச் சிரிப்பான் என்ற வேறு இனம்.

குளிர்காலத்தில் எல்லோரையும் குழப்புவது நீல ஈப்பிடிப்பான்கள்தான். நீலகிரி ஈப்பிடிப்பான் ஆண்டு முழுவதும் இங்கே இருப்பது. ஆண் அடர்ந்த நீலம், வாலின் அடியில் இரண்டு பக்கமும் வெள்ளைத் திட்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இன்னொரு நீல ஈப்பிடிப்பான் வரும். அது பச்சை கலந்த வெளிர்நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் கறுப்பு, வாலில் வெள்ளை இல்லை. இலையில்லாத கிளையின் நுனியில் எடுப்பாக உட்காருவதும் பெரும்பாலும் அதுதான். நிறத்தை மட்டும் நம்பினால் மூடுபனி ஏமாற்றிவிடும். வாலைப் பாருங்கள்.

மெர்லின் என்ற இலவசச் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது என்பதால், இந்தியாவுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டு, பறவையைத் தேடிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

4. உடையும் பையும்

மங்கலான நிறம். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொன்று, ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் கழற்ற வசதியாக. சரசரக்கும் மழைக்கோட்டைவிடக் குடை மேல். மழை மாதங்களில் அட்டைக்கு நீண்ட சாக்ஸ். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் ஸ்டீல் பாட்டில். சின்ன நோட்டு, பென்சில். ஈரத்தில் பேனா எழுதாது.

5. நடக்கும்போது

உண்மையில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் இருட்டோடு போய்ப் பயனில்லை. வெயில் முதலில் விழும் சரிவைத் தேடிப் போய் நில்லுங்கள். அங்கேதான் பூச்சி முதலில் பறக்கும், பூச்சிக்குப் பின்னால் பறவை வரும். நடத்துபவர் கையைத் தூக்கினால் பேச்சை நிறுத்த வேண்டும். ஏதோ குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் எதுவுமே இருக்காது. பிறகு திடீரென்று ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து பறவை: வெள்ளைக்கண்ணிகள், பட்டாணிக்குருவி, மரத்தில் தலைகீழாக இறங்கும் பசையெத்தி, குளிர்காலமானால் பெயர் சொல்லக் கடினமான பச்சைக் கதிர்க்குருவிகள். பல இனங்கள் சேர்ந்து இரை தேடி நகரும் கூட்டம் இது. ஒன்று கிளப்பிவிட்ட பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும். பருந்து வந்தால் பார்க்கவும் நிறையக் கண்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். புதியவர்கள் எல்லாவற்றையும் பார்க்கப் போய் எதையும் பார்க்காமல் விடுவது இங்கேதான். ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு, அது மறையும்வரை விடாதீர்கள். அளவு, அலகு, கண்ணைச் சுற்றி, இறக்கையில் பட்டை, வால், என்ன செய்கிறது என்று அந்த ஒன்றை முழுசாகப் பாருங்கள். மற்றவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கூட்டமாக வருவதில் அதுதான் லாபம்.

பறவை இருக்கும் இடத்தைச் சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. “அதோ, அதோ!” என்று கையை நீட்டினால் பறவை போய்விடும். முதலில் மரம், பிறகு உயரம், பிறகு கடிகார முள்: “வளைவில் இருக்கிற சில்வர் ஓக், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பதினொரு மணி.” மரத்தின் உச்சி 12 மணி என்று வைத்துக்கொண்டால் பதினொரு மணி உச்சிக்குச் சற்று இடதுபுறம். தெரியாவிட்டால் தெரிந்ததாகத் தலையாட்டாமல், “அண்ணா, எனக்கு இன்னும் கிடைக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு வரும். கூட்டைக் கண்டால் படம் எடுக்கவும் நிற்காதீர்கள். நாம் நிற்பதைக் கவனிக்கும் காகம் கூட்டைக் கண்டுபிடித்துவிடும்.

இன்னொன்று, காட்டெருமை. தேயிலைக்குள் படுத்திருந்தால் முதுகு மட்டும் பாறை மாதிரித் தெரியும். பனியில் அதுவும் தெரியாது. உள்ளூர்க்காரர் “நில்லுங்க” என்றால் காரணம் கேட்காமல் நில்லுங்கள், “திரும்புங்க” என்றால் ஓடாமல் திரும்புங்கள். கோத்தகிரிப் பக்கம் கரடிக்கும் இதே விதிதான். எவ்வளவு அபூர்வமான பறவையாக இருந்தாலும் கூட்டத்தைவிட்டுத் தனியாகப் போக வேண்டாம்.

6. டீக்கடைக் கூட்டம்

நடை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். கற்றுக்கொள்வது பாதி இங்கேதான் நடக்கிறது. டீ வந்ததும் ஒருவர் பெயர்களை வாசிப்பார். ஒவ்வொரு இனத்திலும் எத்தனை என்று பேசி முடிவு செய்வார்கள். நீங்கள் 4 சின்னான், பக்கத்தில் இருந்தவர் 5 என்றால் விடை 9 ஆகாது. இரண்டு பேரும் பார்த்தது அதே பறவைகளாக இருக்கலாம். பெயர் தெரியாத பறவையைச் சொல்லும்போது தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்: சிட்டைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது, தரையில் குதித்தது, வாலை விசிறியது. நோட்டில் அங்கேயே எழுதிவைத்தது இப்போது உதவும். அப்படியும் பெயர் கிடைக்காவிட்டால் “ஏதோ ஒரு கதிர்க்குருவி” என்று எழுதுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இருபது வருடமாகப் பார்க்கிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

சங்கங்கள் அறைக்குள் நடத்தும் கூட்டங்களுக்கும் போங்கள். யாராவது படம் போட்டுப் பேசுவார்கள். மங்கலாக எடுத்த படமானாலும் அடையாளம் கேட்கக் கொண்டுபோகலாம்.

7. பட்டியலைப் பதிவது

பட்டியல், எல்லோரும் பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் ஈபேர்ட் என்ற இணையதளத்துக்குப் போகும். இடம், தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம், எத்தனை பேர், இவை கட்டாயம். ‘அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் பதிந்துவிட்டீர்களா?’ என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஆமாம் என்றால் பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணிலோ காதிலோ படவில்லை என்று பொருள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு ஆமாம் என்று சொல்லக்கூடாது. தனியாகப் பழக நினைத்தால் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல வாய்ப்பு. 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் வீட்டு வாசலில் 15 நிமிடம் நின்று எண்ணினால் போதும்.

குழுவாகப் போன நடைக்கு ஆளுக்கொரு பட்டியல் தேவையில்லை. ஒருவர் பதிந்து மற்றவர்களோடு பகிர்வார், உங்கள் கணக்குக்கும் ஒரு பிரதி வரும். அதைத் திறந்து, நீங்கள் பார்க்காத, கேட்காத பறவையை உங்கள் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள். மற்றவர்களின் பட்டியலில் எதுவும் மாறாது.