இருள் காவியம் எழுதத் தொடங்குவோருக்கு: தீமையின் பசியிலிருந்து கடைசிப் போர் வரை

மாயமும் திகிலும் கலந்த ஒரு தனி உலகம், அதில் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் பெரும்போர், பல தலைமுறைகளைத் தொட்டுச் செல்லும் கதை. இப்படி ஒரு நாவலை எழுத உட்காருகிற பலர் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். வாள், மந்திரம், சாபம், கோட்டை எல்லாம் அவர்களிடம் தயாராக இருக்கும். தீயவனுக்கும் நல்லவர்களுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்பது மட்டும் தயாராக இருக்காது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கூட்டங்கள் மோதிக்கொண்டால் அது சண்டைக்காட்சி. நல்லவர்கள் என்றோ ஒருநாள் அந்தத் தீமையிடம் கை நீட்டி ஏதோ வாங்கியிருந்தால்தான் அது போர்.

இந்த விளக்கம் முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையின் மீது நிற்கிறது. படிகளோடு ஒரு மாதிரிக் கதையையும் கட்டிக்கொண்டே போவோம். அதற்கு 'ஏழேரி நாடு' என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் கதையை அதன் பக்கத்திலேயே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

படி 1: தீமைக்கு ஒரு பசி கொடுங்கள்

'உலகத்தை ஆள வேண்டும்' என்பது பசி ஆகாது. ஆண்டு என்ன செய்யப்போகிறது என்று கேட்டால் பதில் வராது. வயிற்றில் கிள்ளுகிற மாதிரி ஒரு தேவை வேண்டும்.

நம்மிடமே இதற்குப் பழைய பாடம் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைப் பாடுகிறது செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி. அதில் போர் எங்கே வருகிறது என்று கவனியுங்கள். தொடக்கப் பாடல்கள் முடிந்ததும் பாலைக் காடு, பிறகு காளியின் கோயில், பிறகு தேவி, பிறகு அவளைச் சூழ்ந்த பேய்கள். அந்தப் பேய்கள் பசியால் வற்றிப்போய்க் காளியிடம் முறையிடுகின்றன. போர் அதற்கெல்லாம் பிறகுதான். முடிவில் அவை போர்க்களத்திலேயே கூழ் சமைக்கின்றன. முரசு உரலாகிறது, யானைத் தந்தம் உலக்கையாகிறது, இறந்தவர்களின் பல் அரிசியாகிறது. குத்தும்போது பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டைக்கூட அவை பாடுகின்றன. நம் வீட்டு அடுக்களை வேலை அப்படியே பிணக்களத்தில் நடக்கும்போது ஏற்படும் நடுக்கம், எத்தனை கொம்பு வைத்த அரக்கனாலும் வராது.

ஏழேரி நாட்டில் தீமை, ஏழு ஏரிகளில் மேலே உள்ள மேலேரியின் அடியில் இருக்கிறது. அதற்கு உருவம் இன்னும் வேண்டாம். அதன் பசியை மட்டும் எழுதுங்கள்: அது தனியாக இருக்கிறது, துணைக்கு ஆள் வேண்டும், வந்த ஆள் அங்கே நெடுநாள் தாங்குவதில்லை.

படி 2: ஒப்பந்தத்தை எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரே பக்கத்தில் யார், யாரிடம், எதை வாங்கினார், பதிலுக்கு என்ன தருவதாக வாக்குக் கொடுத்தார் என்று எழுதுங்கள்.

நம் மாதிரிக் கதையில் 300 ஆண்டுகளுக்கு முன் பெரும் பஞ்சம். குடிகள் சாவதைப் பார்க்க முடியாத தலைவன் ஏரி வெட்டுகிறான். நீர் நிற்கவில்லை. அடியில் இருப்பது பேசுகிறது. 'இந்தக் கரையில் நீர் நிற்கும்வரை உன்னைத் தனியாக விடமாட்டோம்' என்று அவன் வாக்குக் கொடுக்கிறான். அன்றிலிருந்து ஏரி பெருகிக் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) வழிகிற ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டிலிருந்து ஓர் உயிர் இறங்க வேண்டும். நாடு செழிக்கிறது. இப்போது அங்கே சோறு உண்ணும் ஒவ்வொருவரும் அந்த வாக்கில் பங்குதாரர். தலைவன் கெட்டவனும் இல்லை. கதையின் பலமே அங்கேதான்.

ஒப்பந்தம் எழுதியதும் விதிகளை எழுதுங்கள். விதி இல்லாத பேய் எதையும் செய்யும். எதையும் செய்யக்கூடியதிடம் வாசகர் சீக்கிரம் சலித்துவிடுவார். சிலப்பதிகாரத்தின் சதுக்கப்பூதத்தை நினைத்துப் பாருங்கள். புகார் நகரின் நாற்சந்தியில் நிற்கும் அது பொய்ச்சாட்சி சொல்பவரையும் பொய்த் தவசியையும் பாசக்கயிற்றால் கட்டிப் புடைத்து உண்ணும். பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனை அது பிடித்தபோது அவன் தாய் கதறுகிறாள். கோவலன் ஓடிவந்து 'என் உயிரை எடுத்துக்கொள், அவனை விடு' என்கிறான். பூதம் மறுக்கிறது. தீயவனுக்காக நல்லவனின் உயிரைக் கொள்வது முறையில்லை என்று சொல்லிவிட்டு, அந்தத் தாயின் கண் முன்னாலேயே அவனை உண்கிறது. அதன் கொடுமையும் நேர்மையும் ஒன்றாக இருப்பதால்தான் அந்தக் காட்சி நம்மை விடுவதில்லை.

ஏழேரி நாட்டுக்கு நான் வைக்கும் விதிகள் மூன்று. அது தானாக யாரையும் எடுக்காது. அதற்கு வீட்டார் ஒருவர் வாய் திறந்து 'அனுப்புகிறேன்' என்று சொல்ல வேண்டும். நீர் தொடாத இடத்துக்கு அதனால் வர முடியாது. அது பொய் சொல்லாது. மூன்றாவது விதி சாதாரணமாகத் தெரியும். கதையில் எல்லாரையும்விட உண்மை பேசுவது தீமைதான் என்றாகும்போது அதன் கனம் புரியும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சுடலைமாடனும் இசக்கியும் முனியும் இன்றும் மக்கள் கும்பிடும் தெய்வங்கள். அவர்களை எடுத்து வில்லனாக்காதீர்கள். கறுப்பு நிறத்தையும் உடல் குறையையும் தீமையின் அடையாளமாக வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். புதிதாகக் கற்பனை செய்ய இவ்வளவு இடம் இருக்கும்போது அது தேவையில்லை.

படி 3: வரைபடம்

அழகாக வரையத் தெரிய வேண்டியதில்லை. நீர் எங்கிருந்து எங்கே ஓடுகிறது, சுடுகாடு எந்தத் திசை, யார் வீட்டிலிருந்து எது தெரியும், இது போதும். ஒன்றின் கலிங்கு வழிந்து அடுத்ததை நிரப்பும் சங்கிலி ஏரிகள் தமிழ்நாட்டில் உண்மையிலேயே உண்டு. நம் கதையில் தீமை எந்த வழியாக, எந்த வரிசையில் பரவும் என்பதை அந்தச் சங்கிலியே முடிவு செய்துவிடுகிறது.

திகிலுக்கு ஒரு கருவறை வேண்டும். பழைய ஏரிகளுக்குள் குமிழித்தூம்பு என்ற அமைப்பைப் பார்க்கலாம். நீருக்குள் இரண்டு கல்தூண்கள், குறுக்கே கல், அடியில் துளையுள்ள கல்தொட்டி, அதை அடைக்க ஒரு மூடி. வயலுக்கு நீர் வேண்டுமென்றால் ஒருவர் முங்கிப்போய் அந்த மூடியைத் திறக்க வேண்டும். மூச்சு அடக்கிய சில நொடிகள், கலங்கிய இருட்டு, உள்ளே இழுக்கும் நீர். இதற்குமேல் பேய் மாளிகை எதற்கு?

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்துக் காதையையும் ஒருமுறை படியுங்கள். எரிப்பவர், குழியில் புதைப்பவர், தாழியில் கவிப்பவர் என்று புகாரின் சுடுகாட்டை வேலை வேலையாகக் காட்டிவிட்டுத்தான் பேயைக் காட்டுகிறார் சாத்தனார். தலையைக் கையில் ஏந்தி ஆடும் பேயைக் கண்ட சார்ங்கலன் என்னும் இளைஞன் தாயிடம் ஓடிவந்து உயிர் விடுகிறான். இடம் முன்பே நமக்குள் நிறைந்துவிட்டதால் பேய்க்கு அதிக வரிகள் தேவைப்படவில்லை.

படி 4: நான்கு பேர் போதும்

காவியம் என்பதால் 60 பாத்திரங்களோடு தொடங்காதீர்கள். ஒப்பந்தத்தை நான்கு பக்கத்திலிருந்து தொடும் நான்கு பேரை முதலில் உருவாக்குங்கள்.

பொன்னரசி, ஊர் நீர்க்கட்டியின் (ஏரி நீரை வயல்களுக்குத் திறந்துவிடுபவரின்) மகள், தூம்புக்குள் முங்கத் தெரிந்தவள். ஊர்க் கணக்கர், எந்த வீட்டு முறை எப்போது என்று ஓலையில் எழுதி வைத்திருப்பவர். மாறன், 9 வயதில் அனுப்பப்பட்டு, ஏழாம் நாள் திரும்பி வந்துவிட்ட சிறுவன். நான்காவது ஆள் இன்றைய தலைவர் காராளர். தன் ஒரே மகனை அவர் தன் வாயாலேயே அனுப்பியவர். அந்த வாக்கு தவறு என்று ஒப்புக்கொண்டால் மகனைத் தானே கொன்றதாக ஆகிவிடும். அதனால் சாகும்வரை அவர் அதைக் காப்பார்.

எதிர்த்தரப்பில் இப்படி ஒருவராவது இருக்க வேண்டும். கம்பனின் கும்பகருணனுக்கு அண்ணன் செய்தது தவறு என்று தெரியும். அதை அவையிலேயே சொல்கிறான். வீடணன் வந்து அழைத்தபோதும் போக மறுத்து, வளர்த்த அண்ணனுக்காகப் போர்க்களத்தில் சாகிறான். அவன் விழும்போது நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்று ஒரு கணம் குழம்புகிறோமே, அந்தக் குழப்பத்தை உங்கள் வாசகருக்கும் கொடுங்கள்.

படி 5: பயத்தை வாக்கியத்தில் வைப்பது

புதிதாக எழுதுபவர்களின் திகில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

'கோரமான அந்தப் பயங்கர உருவம் இரத்தம் சொட்டும் பற்களோடு அண்டம் அதிர அலறியது.'

இதில் அத்தனை சொல்லும் 'பயப்படு' என்று வாசகரை மிரட்டுகிறது. பார்க்க ஒன்றும் இல்லை. மாறன் வீடு திரும்பிய இரவை இப்படி எழுதிப் பார்ப்போம்:

'அம்மா அவனுக்குத் தலை துவட்டினாள். துண்டு நனைந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் நனைந்தது. கொடியில் கிடந்த சேலையை இழுத்துத் துவட்டினாள். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது.

"பசிக்குதாடா?"

"எனக்கு இல்ல" என்றான்.'

என்ன நடந்தது என்று பிரித்துப் பார்க்கலாம். அச்சம் தரும் அடைமொழி ஒன்றுகூட இல்லை. தலை துவட்டுவது எல்லா வீட்டிலும் நடக்கிற வேலை. அது முடியாமல் நீள்வதில்தான் இயல்பு மாறுகிறது. நீர் தொடும் இடத்துக்கெல்லாம் அது வரும் என்ற விதி வாசகருக்கு முன்பே தெரிந்திருப்பதால், ஒவ்வொரு துண்டு நனையும்போதும் அவர் தாயை முந்திக்கொண்டு பயப்படுகிறார். கடைசி இரண்டு சொல்லில் பசி வேறு யாருக்கோ இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு வரிகூட விளக்கம் எழுதாதீர்கள். கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள்.

பயிற்சிக்கு, உங்கள் வீட்டில் தினமும் நடக்கிற ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்: மாவு அரைப்பது, பாய் விரிப்பது, பின்னல் போடுவது. அதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இயல்பு மாற்றி பத்து வரி எழுதுங்கள். பேச்சு உங்கள் ஊர் வழக்கிலேயே இருக்கட்டும். நாஞ்சில் நாட்டு ஆச்சி மெதுவாகச் சொல்கிற ஒரு சொல், மேடைத்தமிழில் கத்தும் பத்து அரக்கர்களைவிட ஆழமாக இறங்கும்.

படி 6: பெரிய கதையைப் பிரிப்பது

மூன்று பாகம் வையுங்கள். முதல் பாகத்தில் ஆபத்து ஒரு வீட்டுக்கு, இரண்டாவதில் ஓர் ஊருக்கு, மூன்றாவதில் நாடு முழுமைக்கும். அத்தியாயத்துக்கு 2,500 சொற்கள் என்றால் 40 அத்தியாயத்தில் ஒரு லட்சம் சொற்கள் வந்துவிடும். முதல் நாவலுக்கு இது தாராளம். ஒவ்வொரு அத்தியாயமும் ஒப்பந்தத்தின் ஏதாவது ஒரு வரியை வெளிக்கொண்டுவரட்டும், அல்லது உடைக்கட்டும். இரண்டும் செய்யாத அத்தியாயத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

படி 7: கடைசிப் போரின் விலை

பழையனூர் நீலி கதை பலருக்குத் தெரியும். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வந்த அவனைத் துரத்துகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'என் கணவன் என்னோடு வாழ மறுக்கிறான்' என்று ஊர் வேளாளரிடம் முறையிடுகிறாள். அவனுக்குக் காப்பாக இருப்பது கையிலுள்ள மந்திர வாள் ஒன்றுதான். அதை வாங்கி வைக்கச் சொல்கிறாள். நியாயம் பேச வந்த நல்லவர்கள், 'உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் 70 பேரும் உயிர் விடுவோம்' என்று வாக்களித்து வாளை வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபது பேரும் சொன்னபடி தீயில் இறங்குகிறார்கள்.

நன்மை இங்கே தோற்றதா, வென்றதா? சொல்வது எளிதில்லை. அவர்களுடைய நல்லெண்ணமே தீமைக்குக் கதவு திறந்தது. பிறகு அதே நல்லெண்ணம் தன் வாக்குக்கு முழு விலையும் கொடுத்தது. உங்கள் கடைசிப் பாகத்தை எழுதும் முன் இந்தக் கதையை நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

ஏழேரி நாட்டில் வாக்கை முறிக்க ஒரே வழி மேலேரியின் கரையை உடைப்பது. 'இந்தக் கரையில் நீர் நிற்கும்வரை' என்றுதானே வாக்கு. உடைத்தால் ஏழு ஏரியும் போகும், வயலெல்லாம் பொட்டலாகும், 300 ஆண்டு உண்ட சோறு நின்றுவிடும். அதனால் கடைசிப் போர் பேயோடு நடக்காது. மண்வெட்டியோடு வரும் பொன்னரசியின் கூட்டத்துக்கும், கரையில் கைகோத்து நிற்கும் ஊர் மக்களுக்கும் நடக்கும். கரையைக் காப்பவர்களில் கைக்குழந்தையோடு தாய்மார்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம். அதே நேரம் தூம்புக்குள் பொன்னரசிக்கும் அடியில் இருப்பதற்கும் ஒரு பேச்சு. அது பொய் சொல்லாது என்பதை அந்த இடத்தில் பயன்படுத்துங்கள்: 'கரை உடைந்தால் பசியில் எத்தனை பேர் சாவார்கள்?' என்று அவள் கேட்கிறாள். அது எண்ணிச் சொல்கிறது.

அவள் என்ன செய்கிறாள் என்பதை நீங்கள் எழுதுங்கள். எந்த முடிவு எடுத்தாலும் அதற்கான விலை அதே அத்தியாயத்தில் கொடுக்கப்பட வேண்டும், புதிதாக ஒரு மந்திரம் வந்து காப்பாற்றக் கூடாது.

படி 8: திருத்தம்

முழு நாவலையும் எழுதி முடித்தபின் ஒரு மாதம் மூடி வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். 'பயங்கர', 'கொடூர', 'அமானுஷ்ய' போன்ற சொற்களைத் தேடி, அவை இல்லாமலேயே காட்சி நிற்கிறதா என்று பாருங்கள். விதிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தீமை எங்கேயாவது தன் விதியை மீறியிருக்கிறதா என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சரிபாருங்கள். மீறியிருந்தால் காட்சியை மாற்றுங்கள், விதியை மாற்றாதீர்கள். இருவரிடம் படிக்கக் கொடுக்கும்போது 'நல்லா இருக்கா?' என்று கேட்காமல், 'காராளர் மீது எப்போதாவது இரக்கம் வந்ததா, எந்தப் பக்கத்தில்?' என்று கேளுங்கள். ஒருமுறைகூட வரவில்லை என்றால் படி 4-க்குத் திரும்பிப் போய், அவர் மகனை அனுப்பிய இரவை எழுதுங்கள்.